சிறுபோகம் இல்லை

ஒட்டுசுட்டான் தாண்டி
முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலோடு
மோட்டார் சைக்கிளை உருட்டித்தான் வந்தேன்.
வாய்க்காலில் ஒற்றைச் செருப்பு,
வெடித்த சேறு,
சேற்றில் காய்ந்துபோன கொக்கின் கால்.

"கண்டு போட்டு ஒன்பது மாசம்.
இன்னும் கத்தேல்லை டொக்டர்" என்றாள் யோகறஞ்சினி.
"ரெண்டு தரம் ஊசியும் போட்டாச்சு.
கர்ப்பப்பையிலதான் ஏதோ எண்டு சொல்லினம்."

தோள்வரை கையுறை. சவர்க்கார நுரை.
கருப்பை, துவைத்து மடித்த துணிபோல் சுத்தம்.
சூலகம் இரண்டும் புளியங்கொட்டைகள்,
மழமழவென்று,
விரல் தட்டுப்பட ஒரு மேடுகூட இல்லை.

பிழை இங்கே இல்லை, என்றேன்.

பசுவின் விலாவைப் பதினொன்று வரை எண்ணலாம்.
அதன் கன்றோ
புல் மேய்கிற வயதிலும் மடியை முட்டி முட்டி இழுக்கிறது.

எப்படிச் சொல்வது இவளுக்கு?
நெற்றிக்கு வெகு உள்ளே
பரிவகக்கீழ் என்று புத்தகம் சொல்லும் விரல்நுனி இடத்திலிருந்து
விட்டுவிட்டுத் துளித்துளியாய்
ஒரு சொல் கபச்சுரப்பிக்கு இறங்கவேண்டும்.
அது இறங்கினால்தான் கீழே சூல் முதிரும்.
அந்தச் சொல்லை மறிப்பதற்கென்றே
அதே மூளையில் இன்னொரு ஓமோன் இருக்கிறது.
முதலில் காடையில் கண்டார்கள்.
பிறகு எலியில், ஆட்டில்,
எங்களில்.

இதையெல்லாம் விட்டுவிட்டுக் குளக்கட்டைக் காட்டினேன்.

"சித்திரைக் கூட்டத்தில என்ன சொன்னவை?"
"தண்ணி காணாது. இந்தமுறை சிறுபோகம் இல்லை எண்டவை."
"துருசு உடைஞ்சு போச்சோ?"
"இல்லையே, பூட்டினது."
"அதுதான்."

வாளியைச் சரித்து என் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.
பிறகு, பசுவின் முதுகைப் பார்த்தபடி:

"செட்டிகுளம் காம்பில
ஒரு கூடாரத்துக்கை எட்டுப் பொம்பிளையள்.
பதினொரு மாசம் ஒருத்திக்கும் வரேல்லை.
நிவாரணத்தில தந்த பக்கற்றுகளை உடைக்காமல் அடுக்கித்
தலைக்கு வைச்சுப் படுத்தனாங்கள்.
எனக்கு இருபத்திரண்டு வயசு.
மருந்தெடுக்கப் போனா 'ஆர் ஆள்?' எண்டு கேட்டவை.
அம்மா ஒவ்வொரு வெள்ளியும்
என்ர வயித்துக்கு நேந்தவ."

தண்ணீர் நின்றுவிட்டது.

"அப்ப... அங்கயும் பூட்டினதுதானோ?"

ஓம், என்றேன்.
நான்காம் வலயத்தில் நானும் படுத்திருந்தேன் என்பதை
அதோடு சேர்க்கவில்லை.

துண்டில் எழுதிக் கொடுத்தேன்:
கன்றைப் பகலில் பிரித்துக் கட்டவும்.
எள்ளுப் புண்ணாக்கு, தவிடு, கனியுப்பு.
ஊசி வேண்டாம்.
மழைக்குப் பிறகு பார்ப்போம்.

எழுத்துக்கூட்டி இருமுறை வாசித்தாள்.
மூன்றாவது வரியின் கீழ்
பெருவிரல் நகத்தால்
ஒரு கோடு இழுத்தாள்.