காற்று யாருடைய பக்கம்

கண்ணாடிப் பெட்டியோடுதான் தொடங்கினோம்.
கோண்டாவில் அலுமினியக் கடையில் சொல்லிச் செய்தது,
கை நுழைய இரண்டு வட்டம்.
உள்ளே காற்று அசையாது. நானும் அசையாமல்
மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டுவேன்
இதரை வாழையின் குருத்தை, நகத்தளவில்.
நூறு போத்தலில் முப்பத்தேழில்
நாலாம் நாள் வெள்ளையாய்ப் பூஞ்சணம்.
ஆனி ஆடியில் இன்னும் கூட:
சோளகம் நீர்வேலிச் செம்மண்ணைத் தூக்கிக்கொண்டு
கதவிடுக்கால் வரும் மாதங்கள்.

"மிஷின் ஒண்டு எடுப்பம்" என்றார் கேதாரநாதன்.
வத்தளையிலிருந்து டிலக்சன் வந்தான்,
நாலு பக்க விலைப்பட்டியலோடு.

கிடைக்காற்று மேசை
பின்சுவரிலிருந்து என் முகத்துக்கு நேரே வீசும்.
வாழைக்கு நல்லது.
குருத்தில் என்ன ஒளிந்திருந்தாலும்
அது என் மூக்குக்கு.

அடுத்தது மேலிருந்து ஊற்றும்.
போத்தலுக்கு மேலே கை நீட்டினால்
கையே கூரை,
கூரை ஒழுகினால் ஒழுகுவது என் ஊத்தை.

உயிர்ப்பாதுகாப்புப் பேழையின் வாசலில்
காற்றாலேயே ஒரு திரை.
உள்ளே விழுவதும் வடித்தது, வெளியே போவதும் வடித்தது.
இரண்டு பேரையும் காக்கும், விலை மூன்று மடங்கு.
ஆஸ்பத்திரியில் சளி சோதிக்கிறவர்களுக்கு
அதை விட்டால் வழியில்லை.

கடைசிப் பக்கத்தில் புகை உறிஞ்சும் கூடு.
அறைக்காற்றை அப்படியே இழுத்துக் குழாயால் தள்ளும்.
ஆளைக் காக்கும். வாழையை உள்ளே வைத்தாலோ
அறைத் தூசு முழுக்க அதன் தலையில்.

"அக்கா, கேள்வி ஒண்டுதான்" என்றான் டிலக்சன்,
"ஆரிட்டை இருந்து ஆரைக் காப்பாத்தோணும்?"

இந்த ஊரில் இதை
இவ்வளவு மெதுவாக யாரும் கேட்டதில்லை.

யோசித்துப் பார்த்தேன்.
தலைமயிர், தும்மல், கழுத்து வியர்வை, கதை:
இந்த அறையில் அழுக்கு நான்தான்.
வாழைக்கு என்னிடமிருந்து காவல்.
கையெழுத்து முதல் பக்கத்தில் விழுந்தது.

பூட்டிய அன்று ஊதுபத்தி கொளுத்திக் காட்டினான்.
புகை சுழலவில்லை,
படிய வாரிய தலைபோல நேர்கோடாய் வந்து
என் சட்டைப் பொத்தானில் முட்டியது.
பத்தாயிரம் தூசில் மூன்று தப்பும்
என்று சான்றிதழில் இருந்தது.

றெஜினா விலைப்பட்டியலில் இல்லை.
தண்ணீர்த்தொட்டி மூலையில்
குருத்துகளை இரசக் கரைசலில் தோய்ப்பவள்,
ஃபோமலின் ஊற்றுபவள்.
செவ்வாயில் சிவக்கிற கண்
சனி வரைக்கும் வெளுக்காது.
"எனக்கு ஒண்டுமில்லை, வெங்காயம் உரிக்கிற மாதிரித்தான்"
என்பாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பழைய கண்ணாடிப் பெட்டியைத் திரும்ப எடுத்தோம்.
குசினி விசிறி ஒன்று, நாலங்குலக் குழாய் ஒன்று,
ஜன்னலால் வெளியே.
மூன்றாம் நாள் பக்கத்து வளவுக்காரர் வந்தார்:
"உங்கடை மணம் எங்கடை பிள்ளை படுக்கிற அறைக்கை."
உறிஞ்சியதை எங்கேயாவது விடத்தானே வேண்டும்.
குழாயைக் கூரைக்கு மேல் பதினைந்து அடி தூக்கினோம்.
இப்போது அது
யாருடைய மூக்கு என்று தெரியாத உயரத்தில் போகிறது.
கேதாரநாதனுக்கு அது போதும்.
எனக்கு இரவில் சிலவேளை போதாது.

கரண்ட் நின்றால் மேசையின் இரைச்சல் நிற்கும்.
அந்த அமைதிதான் பயம்.
மூடிகளை அழுத்திவிட்டு எழும்பி நிற்போம்;
வெளியே சோளகம்,
யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் ஒன்றாக.
திரும்ப வந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்து,
ஊதா விளக்கில் இருபது நிமிடம்,
பிறகுதான் கத்தி.

இப்போது நூறில் நாலுதான் பழுதாகிறது.
எறியமுன் மூடியில் திகதியைப் பார்ப்பேன்.
இந்த மாதம் நாலும் எட்டாம் திகதி.
நினைவிருக்கிறது:
றெஜினா மூலையிலிருந்து எதையோ சொல்ல,
நான் முகமூடியை இறக்கி
காற்றுக்குக் குறுக்கே திரும்பிச் சிரித்த நாள்.