ஓர் ஓட்டை, பன்னிரண்டு அங்குலம்

மொன்டானாவில் மார்ச் என்பது இன்னொரு ஜனவரி.
வண்டியை நிறுத்தி, மணியை அழுத்தி,
கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் என் உரிமத்தைக் காட்டுகிறேன்.
ஒன்பது வருடமாகக் காட்டுகிறேன்.
அந்த நாற்காலியில்
அதற்குள் பதினோரு பேர் மாறிவிட்டார்கள்.

பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்குப் பச்சை அட்டை.
ஞாயிறுதோறும் நாயோடு வரும் ஹால்வர்சன் அம்மாளுக்கு
நீலம், தன்னார்வலர் என்று எழுதியது.
எனக்கு ஆரஞ்சு.
ஒரு கம்பெனி ஒப்பந்தம் எடுத்து
இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்து
அது என்னிடம் தள்ளிவிட்ட வேலை இது:
பையன்கள் சுவரில் போடும் ஓட்டைகளை அடைப்பது.

விதிகள் ஒரே தாளில்.
பையன்களோடு பேசக் கூடாது.
பெயர் கேட்கக் கூடாது.
சுவருக்குள் எது கிடைத்தாலும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.
கருவிகளை எண்ணிக்கொண்டு உள்ளே போ,
எண்ணிக் காட்டிவிட்டு வெளியே வா.
பதினான்கு. எப்போதும் பதினான்கு.

பேசாவிட்டால் என்ன.
முழங்கால் உயரத்தில் இருந்தால் உதை,
தோள் உயரத்தில் குத்து.
பக்கத்திலேயே இன்னொரு சின்னப் பள்ளம் இருந்தால்
முதலில் தயங்கியிருக்கிறான்.
நெற்றி உயரத்தில் ஒன்று வந்தால்
அன்றைக்கு என் மதியச் சாப்பாடு
வண்டியிலேயே கிடக்கும்.

டிசம்பரிலும் மே மாதத்திலும் வேலை அதிகம்.
டிசம்பர் சரி, கிறிஸ்துமஸ். மே எதற்கு?
மூன்றாவது வருடம்தான் விளங்கியது:
கல்லூரிப் பருவம் முடிகிற மாதங்கள்.
பச்சை அட்டைகள் கேக் வெட்டிக் கிளம்புகிற மாதங்கள்.
அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
சம்பளம் கிடையாது, பெட்ரோலும் சொந்தக் காசு.
பதினைந்து வாரம் எதிரே உட்கார்ந்து
ஒருவனை வாய் திறக்க வைக்கும்போது
மதிப்பெண் வந்துவிடுகிறது.

ஆனால் இது மார்ச்.
ஆறாம் எண் அறை, தோள் உயரம்.
ஹால்வர்சன் அம்மாளின் நாய்க்கு இடுப்பு போய்விட்டதாம்,
இனி வர மாட்டார்களாம்.
கண்ணாடிக்காரி தானாகவே சொன்னாள்.

உடைந்த விளிம்பைச் சதுரமாக அறுத்து
உள்ளே கைவிட்டேன்.
காகிதம்.
ஆறு வாழ்த்து அட்டைகள், ஆறு கையெழுத்து.
'உன்னை மறக்கவே மாட்டேன், கோல்ட்டர்.'
'நீ மிகவும் வலிமையானவன், கோல்ட்டர்.'
ஒருத்தி பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தாள்.
கடைசியில் எழுத்தே இல்லை,
நீல மையில் ஒரு நாயின் பாதம்.

நான் பெயர் கேட்கவில்லை.

திரும்பினால் வாசலில் நிற்கிறான்,
காலுறையோடு, கைமுட்டியில் கட்டு.
"நீ எத்தனை வாரம்?"
புதிதாக வரும் எல்லோரிடமும் கேட்பான் போல,
மழை வருமா என்று கேட்கிற குரல்.
"ஒன்பது வருஷம்" என்றேன்.
விதி உடைந்தது. அதற்குப் பூச்சு வேலை தேவைப்படவில்லை.

என்னை நம்பாமல் பார்த்தான்.
பிறகு கருவிப் பெட்டியைப் பார்த்தான்,
பிறகு என் கையில் இருந்ததை.
"கீழே வை. தரையோரமா.
அடுத்தவன் குத்தினா எட்டாத இடத்துல."

தரையோரம் வைத்தேன்.
மேலே பலகை, திருகு, பட்டி, முதல் பூச்சு.
அவன் கடைசி வரை நின்றான், உதவவில்லை.
ரசீதில் எழுதினேன்:
ஓர் ஓட்டை, பன்னிரண்டு அங்குலம்.
உள்ளே கிடைத்தவை: எதுவுமில்லை.
பதினான்கு எண்ணிக் காட்டினேன்.

அடுத்த வியாழன் வர்ணத்தோடு போனபோது
ஆறாம் அறையில் வேறு காலணி,
நாடா உருவியது, சின்ன அளவு.
கோல்ட்டர் எங்கே என்று கேட்கவில்லை;
எனக்கு அந்தப் பெயர் தெரியாதல்லவா.
இரண்டு கை பூசினேன்.
குனிந்து, தரையோரம் விரலால் ஒரு தட்டு தட்டினேன்.
மற்ற இடங்களைப் போல வெறுமையாக ஒலிக்கவில்லை.

"அங்க என்ன?" என்றான் புதியவன்.

"இன்னும் காயல" என்றேன்.
"தொடாதே."