கட்டிவைத்த லீவர்

பூப்பாறையிலிருந்து ஏலக்காய் சாம்பிள்,
முப்பத்திரண்டு பொட்டலம்,
ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டத்தின் பெயர்.
போடிமெட்டு தாண்டி இறங்குகையில்
பதினொன்றாம் வளைவில்
முன் பிரேக் லீவர்
கனிந்த சப்போட்டா மாதிரி அமுங்கிக்
கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது.
எதிரே ஆட்கள் தொங்கும் தோட்டத்து ஜீப்.
அதற்கப்பால் ஒன்றுமில்லை,
ஒன்றுமில்லாததற்கு அடியில் போடி,
கைதவறிக் கொட்டிய உப்பு போல.

முதல் கியர். பின் பிரேக். வாயில் குலசாமி.
இரண்டாம் தரம் பிடித்தேன், கொஞ்சம் நின்றது.
மூன்றாம் தரம் கல்.
அப்போதே தெரிந்துவிட்டது
இது தேய்மானம் இல்லை, உள்ளே காற்று.
பேட் தேய்ந்தால் கிறீச்சிட்டுச் சொல்லும்.
பிஸ்டன் இறுகினால் சக்கரம் சுற்ற மறுக்கும்.
காற்று மட்டும்
அடிக்க அடிக்க ஒளிந்துகொள்ளும்,
அசந்தால் வரும்.

முந்தல் வரைக்கும் நடக்கிறவர் வேகம்.
ஒரு வெள்ளாடு என்னை முந்திப் போனது.

வீட்டில் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பேட், பழைய ஐந்து ரூபாய்க் காசின் கனம் இருந்தது.
டிஸ்க்கில் விரல் ஓட்டினேன், மேடு பள்ளமில்லை.
ஆயில் குப்பியின் சின்னக் கண்ணாடியில்
வரக்காப்பி நிறம்.
மூன்று மழைக்காலம் மூடுபனிக்குள் போய்வந்த வண்டி.
பிரேக் ஆயில் ஈரத்தைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும்,
இறக்கத்தில் சூடேறினால்தான்
கொதித்துக் காட்டிக்கொடுக்கும்.
போதாததற்கு
குழாய் சேரும் இடத்தில் செம்பு வாசர் ஓரமாக
மெல்லிய வியர்வை.

வாசர் வாங்கினேன்.
சீல் உடைக்காத ஆயில் ஒரு குப்பி.
ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் குளுக்கோஸ் டியூப் ஒரு முழம்.
ஆள்தான் இல்லை.
லீவர் பிடிக்க ஒருத்தர், கீழே நிப்பிள் திறக்க ஒருத்தர்.
தனியாக முயன்று ஸ்பேனர் வழுக்கிக்
கட்டைவிரல் தோல் போனது.
வீட்டுக்காரர் திருப்பூரில்.
அடுத்த வாசலில் நாத்தனார் வீருசின்னம்மா.
ஆடியிலிருந்து பேச்சில்லை.
அடகில் மூழ்கின அட்டிகைக்கு
அவளிடம் ஒரு கணக்கு, என்னிடம் ஒரு கணக்கு.

"கொஞ்சம் வந்து பிடிங்க" என்றேன்
சுவரைப் பார்த்து.
சுவர் வரவில்லை, அவள் வந்தாள்,
ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி.

அழுத்துங்க.
பிடிச்சுக்கங்க.
நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன்.
விட்டுறாதீங்க.
விட்டுவிட்டாள்.
டியூபுக்கு வந்த குமிழி
வந்த வழியே உள்ளே போனது.
"நான் மூடினப்புறம்தான் விடணும்."
"அதை முதல்லயே சொல்லியிருக்கணும்."
சொல்லியிருக்கணும்தான்.

மறுபடி. அழுத்து, பிடி, மூடிட்டேன், விடு.
எந்தத் தடவையில் 'ங்க' உதிர்ந்தது என்று
இரண்டு பேருமே கவனிக்கவில்லை.
குப்பி வற்றாமல் அவளே பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.
குமிழி ஏலவிதை அளவில் வந்தது,
அப்புறம் கடுகு,
அப்புறம் கசகசா.
ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்தது.
"தண்ணி! பெயிண்டைத் தின்னுரும்!"
குடத்தோடு கவிழ்த்தாள், பாதி என் தலையில்.
சிரித்தோமா என்றால், இல்லை.

அப்படியும் லீவரில் கொஞ்சம் சொதசொதப்பு.
ராத்திரி முழுக்க அழுத்தியே கட்டிவைத்தால்
மிச்சக் காற்று தானாக மேலே ஏறிவிடும் என்றேன்.
உள்ளே போய்
கிளிப்பச்சைச் சேலை விளிம்பு ஒன்றைக் கிழித்துவந்தாள்.
அவளே கட்டினாள், பல்லைக் கடித்து, இரட்டை முடிச்சு.
அட்டிகை பற்றி அவள் கேட்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.
இரண்டு கதவும் தனித்தனியாகத் தாழிட்ட சத்தம் கேட்டது.

காலையில் முடிச்சை லீவரிலிருந்து மட்டும் நகர்த்தினேன்.
பாதித் தூரத்திலேயே கெட்டியாக நின்றது.
பதினேழு வளைவும் ஏறி
மெட்டில் கேரளச் செக்போஸ்ட்.
போலீஸ்காரர் ஹேண்டில்பாரில் தொங்கும் பச்சைத் துணியைப் பார்த்தார்.
"இதெந்தா சேச்சி, நேர்ச்சயோ?"
"பிரேக்கு" என்றேன்.
புரியாமல் கம்பைத் தூக்கிவிட்டார்.