முற்றாதது

பாடநூலில் இதற்கு முற்றா நிலக்கரி என்று பேர்.
எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்,
கையில் பிடித்ததில்லை.
இன்று காலை ஆறு நாற்பதுக்கு
பள்ளிக்கரணையில், முழங்கால் சேற்றில் நின்று
எத்திராஜ் குழாயை முறுக்கி இழுக்க
ப்ளக் என்று வந்தது
ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர்
இருட்டு.

"இன்னா மேடம், பொணம் மாரி கனக்குது."

பலகையில் கிடத்தி நீளவாக்கில் அறுத்தேன்.
மேலே நான்கு விரற்கடை நம்முடையது:
ஷாம்பு உறையின் ஒரு மூலை,
தெர்மாகோல் மணிகள்,
குப்பைமேட்டிலிருந்து ஊறிவந்த எண்ணெயின்
மயில்கழுத்து நிறம்.
அதன்கீழ் கத்தி கனத்துக்கு மணல்.
எல்லோர் வீட்டுக்குள்ளும் வந்த அந்த டிசம்பர்
இங்கேயும் வந்து
கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

பிறகு கோரை.
கோரையின் மேல் கோரை.
செத்தது நின்ற இடத்திலேயே சாய்ந்து
அடுத்ததற்குப் பாயாகி,
காற்று புகாததால் மட்கவும் முடியாமல்
நீர் விடாததால் எரியவும் முடியாமல்
ஆண்டுக்கொரு அரிசி கனம்
வெயிலைக் கீழே இறக்கி வைத்திருக்கிறது.
எண்பதாவது சென்டிமீட்டரில் ஒரு மட்டி ஓடு.
கடலும் ஒரு தடவை இவ்வழி வந்தது போல.

இதைக் கரி என்றால் நசீமா ஒப்பமாட்டாள்.
அயர்லாந்தில் படித்தவள்.
அங்கே செங்கல் செங்கல்லாய் வெட்டி
அடுப்பெரித்தார்களாம்.
"அது பீட். இது பீட்டாகப் பார்த்தது,
அதற்குள் நாம் வந்துவிட்டோம்" என்பாள்.

சம்புக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழி ஒன்று
எட்டிப் பார்த்து
எங்களை வேலையற்றவர்கள் என முடிவுசெய்தது.
சிவந்த நீள் விரல்களை
மிதக்கும் இலைமேல் அகல விரித்து வைத்தது.
அதற்கு அமிழாமல் நிற்கத் தெரிகிறது.
கரையில் வனத்துறைப் பலகை: காப்புக்காடு.
மரமில்லாத காடு.

ஒன்று சொல்லவேண்டும்.

பதினோரு வருடம் முன்பு துரைப்பாக்கத்தில்
மண் பரிசோதனைக் கம்பெனி ஒன்றில் டைப் அடித்தேன்.
துளை போட்ட மனைகளிலெல்லாம் இதே கறுப்பு வரும்,
அழுகிய முட்டையும் புதுமழையும் கலந்த இதே வாடை.
அறிக்கையில் எப்போதும் ஒரே வாக்கியம்:
கரிமச் சேறு. தாங்குதிறன் இல்லை.
தோண்டி அகற்றி கிராவல் நிரப்பவும்.
முதல் சில தடவை அடித்தேன்.
அப்புறம் காப்பி, பேஸ்ட்.

அகற்றியதை லாரிகள் எங்கே கொட்டின
என்று கேட்கவில்லை.
எங்கோ ஒரு காலிமனையில்
வெயில் பட்டு வெடித்து
அத்தனை காலம் அடக்கிய மூச்சை
அது விட்டுக்கொண்டிருந்த சாயங்காலம்
நான் பஸ்ஸில் சன்னலோர இடத்துக்குச்
சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அப்படி நிரப்பிய ஒன்றின் மூன்றாம் மாடியில்தான்
இப்போது வாடகைக்கு இருக்கிறேன்.
ஐப்பசியில் லிப்ட் குழிக்குள் தவளை கத்தும்.
அசோசியேஷனில் புகார் கொடுத்திருக்கிறோம்.

இன்றைய படிவத்தில் கட்டங்கள்:
ஆழம், நிறம், வாடை, கரிமம் எத்தனை சதவீதம்.
தாங்குதிறன் எங்கே என்று
பழக்கத்தில் தேடினேன்.
இல்லை.
நிறம் என்ற இடத்தில் என்ன போடுவது?
கறுப்பு என்று எழுதி அடித்தேன்.
காற்றுப்பட்ட அரைமணியில்
அது வேறொரு கறுப்பாகிவிட்டிருந்தது.

மாதிரி எடுத்ததுபோக மிச்சத்தை
எத்திராஜ் இரு கையால் அள்ளி
வந்த துளையிலேயே திணித்தார்.
யாரும் சொல்லவில்லை.
ஒரு குமிழ் வந்து உடைந்தது.
சற்று நேரம் கழித்து, பெரிதாய், இன்னொன்று.
அவர் பீடியை எடுத்தார்,
தண்ணீரைப் பார்த்தார்,
திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.