சைபர்

மாதம் ஒருமுறை ஸ்டான்லியில் அந்த அறை.
மின்விசிறிக் காற்றில் படிவம் பறக்காமலிருக்க
அதன்மேல் ஒரு ஸ்டேப்ளர்.
மெர்லின் மேடம் நிமிராமல் கேட்பார்:
கடந்த மாதம் எத்தனை முறை?
சைபர் மேடம்.
உறை போட்டது எத்தனை?
சைபருக்கு எதுக்கு மேடம் உறை.
சிரிக்காமல் டிக் அடிப்பார்.
பாதுகாப்பான நடத்தை என்கிற கட்டத்தில்
இருபத்தாறு மாதமாக
நான் நல்லவன்.

தூக்கம் வருகிறதா என்பது அடுத்த பக்கம்.
அதற்குள்
டோக்கன் நாற்பத்தெட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு நிற்கிற டிரெய்லர் வரிசை
ஒரு மீன் நாறத் தொடங்குவதற்குள்
பத்தடி நகரும்.
நகர்ந்துவிட்ட நாளிலும்
கியூ நகரலம்மா என்பேன் போனில்.
வீடு அங்கிருந்து பத்து நிமிடம்,
திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால், மூன்றாவது மாடி.

குலுங்கிச் சத்தம் போடாமலிருக்க
மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து
கிரீஸ் டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.
ராத்திரி ஒன்பதுக்கு அலாரம்.
கிளீனர் பையன் டில்லிபாபு கேட்டால்
கேஸ் மாத்திரை.
விழுங்கிவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தால்
சில நாள் அப்படியே விடியும்.
எதிரே கன்டெய்னர் மேல் கன்டெய்னர், சீல் வைத்தபடி.
உள்ளே என்னவென்று
ஓட்டுகிறவனுக்கும் தெரியாது.

எங்கிருந்து வந்தது என்று
வனஜா ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.
சொன்னேன்.
அன்றைக்கு நெத்திலிக் குழம்பு அடிபிடித்தது.
அவள் ரத்தத்தையும் பார்த்தார்கள். இல்லை.
பையனுக்கும் இல்லை.
அந்த இல்லையைப் பிடித்துக்கொண்டு
நானே ஒரு கோடு கிழித்தேன்.
எனக்குத் தனி டம்ளர், தனித் துண்டு, தனி நகவெட்டி,
தகர மூடியில் தனியாக ஒரு சிவப்பு சோப்பு.
யாரும் சொல்லவில்லை.
நடுவில் பையனைப் படுக்க வைத்ததும்
நான்தான்.

போன வாரம் கூடவே வந்தாள்.
கிருமி தென்படவில்லை,
மாத்திரையை விடாமல் இப்படியே போட்டால்
படுக்கையில் உங்களுக்குப் பரவாது என்று
எனக்கு மூன்றாம் தடவையாகவும்
அவளுக்கு முதல் தடவையாகவும் சொன்னார் மேடம்.
வனஜா ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கிருமி தென்படலன்னு போட்டுகிறீங்க, சரி.
எனக்கு ரெண்டு வருசமா
ஆளே தென்படலியே மேடம்.
அத்த எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

மேடம் பேனாவை மூடினார்.
டோக்கன் நாற்பத்தெட்டு கதவைத் தட்டியது.
இருக்கச் சொல்லுங்க என்றார்.
அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.
தூக்கம் வருதா?
வாய் வரவில்லை எனக்கு.
மூக்குதான் ஒழுகியது.

அன்று ராத்திரி வரிசையில் வண்டியை
டில்லிபாபுவிடம் விட்டுவிட்டு மாடியேறினேன்.
கரண்ட் இல்லை.
பையன் சுவரோரம் உருண்டு கிடந்தான்.
அலாரம் அடித்தது.
என் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்,
பாதியை அவளே குடித்துவிட்டு.
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
கழுத்தில் என்ன வாசனை என்று பார்த்தால்
என் சிவப்பு சோப்பு.

வேறொன்றும் நடக்கவில்லை.
அந்தக் கழுத்தில் மூக்கை வைத்தபடியே
தூங்கிப்போனேன்.

அடுத்த மாதமும் கேட்பீர்கள்,
எத்தனை முறை என்று.
இது கணக்கில் வருமா
மேடம்?