ஏழுக்குக் காது கேட்பதில்லை

காலை ஐந்து மணி. குவார்தாவில் மைனஸ் நான்கு.
கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்ட
காலாவதியான நூலக அட்டை போதும்.
அது சுலபம்.

சாவியைப் பாதி திருப்பினால்
ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி,
தேய்ந்த ரப்பர் பொத்தான்கள்.
நான்கு எண் சொன்னால்தான் டீசல் இறங்கும்.
இரண்டு, ஏழு, ஏழு, ஒன்று.
இதில் ஏழுக்குக் காது கேட்பதில்லை.

முழுக்கவே கேட்காது என்றால்
ஏதாவது ஒரு வழி பண்ணியிருப்பேன்.
சில நாள் ஒருமுறை அழுத்தினால்
இரண்டாகக் கேட்டுக்கொள்கிறது.
தெரியாமல் நான் மறுபடி அழுத்த
மூன்று ஏழு.
இப்படி மூன்று தவறு சேர்ந்தால்
அரை மணி நேரம் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

பின்சீட்டில் நாற்பத்தெட்டு குப்பிகள், காலி.
ஒன்பதுக்குள் பதினோரு பட்டிகளில்
பால் மாதிரி எடுத்தாக வேண்டும்.
ஆடுகளுக்கு என் பொத்தானைப் பற்றி என்ன கவலை.
கட்டைவிரலைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குகிறேன்.
குனிந்து, வாயைக் கிட்டே கொண்டுபோய்
ஏழின் மேல் ஊதுகிறேன்.
எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகுகிறது.
பார்க்கட்டும்.

பெல்மிரோ பானெட்டுக்குள் விளக்கை இறக்கிக் காட்டினார்:
டீசல் பம்பைச் சுற்றி இரும்புக் கவசம்,
தலை அறுத்துவிட்ட போல்ட்டுகள்.
எல்லாம் திருடனுக்காக.
"இதைத் திருடுகிறவனை
முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்."
புதுப் பெட்டி போட்டால்?
"வண்டியை விற்றாலும் துண்டு விழும்."
கவசத்தை அறுத்தால்?
"பம்பும் சேர்ந்து போனால் என் தலையில் போடாதே.
எண்ணை மாற்றிவிடு, சுல்மிரா. ஏழே இல்லாத எண்."
எப்படி?
"பழைய எண்ணை இரண்டு தடவை
விடாமல் சரியாக அடி. புதியதைக் கேட்கும்."
அதாவது நான்கு ஏழு.
இருவரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார்.

அதன்பின் எந்தப் பட்டியிலும் எஞ்சினை அணைக்கவில்லை.
"உன் வண்டி என் கிழட்டு ஆட்டைவிட இருமுகிறது"
என்றாள் எர்மெலிந்தா, குப்பியை நீட்டியபடி.
பால் வெதுவெதுவென்று இருந்தது.
ஒரு கணம், அந்தக் குப்பியை
ஏழின்மேல் வைத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது.

விற்றவரைத் தேடிப் பிடித்தேன். அதெரிட்டோ,
இப்போது லக்சம்பர்க்கில் கூரை வேய்கிறார்.
ஏன் இரண்டு ஏழு ஏழு ஒன்று?
பிறந்தநாளா? வீட்டு எண்ணா? யாராவது...?
போனுக்குள் சுத்தியல் சத்தம்.
"விரல் போன வழி" என்றார்.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.
ஒரு குளிர்காலம் முழுக்க அதை
யாரோ ஒருத்தியின் பெயரைப் போல
இருட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு.
கிழக்கே பார்த்து நிறுத்திய வண்டி
கதவைத் திறந்தால் அடுப்படி மாதிரி.
சும்மா அடித்தேன். பச்சை.
மூச்சை விடாமல் இன்னொரு தடவை,
இரண்டு, ஏழு, ஏழு, ஒன்று.
விளக்கு கண் சிமிட்டியது.
சொல், என்ன வேண்டும்?

நான்கு மாதம் யோசித்துவைத்த எண்
ஒன்றும் நினைவில் இல்லை.
சிமிட்டல் வேகமானது.
மூன்று, ஆறு, மூன்று, எட்டு:
என் காலணி அளவு, அம்மாவின் காலணி அளவு,
ஏதோ கைக்கு வந்தது. பச்சை.

திங்கள், ஐந்து மணி, இருட்டு.
தூக்கம் கலையாத விரல்
தன்பாட்டுக்கு இறங்கியது:
இரண்டு, ஏழு, ஏழு, ஒன்று.
சிவப்பு.
குளிராக இருக்கும் என்று நினைத்து
ஊதினேன். மறுபடி. சிவப்பு.
இன்னும் பலமாக ஊதினேன்.

மூன்றாவது சிவப்புக்கு அப்புறம்தான் உறைத்தது:
ஆறு முறை அழுத்தியிருக்கிறேன்,
ஆறு முறையும்
ஏழுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

அரை மணி.
பின்சீட்டில் குப்பிகள் ஒன்றோடொன்று உரசின,
நான் சிரித்ததில்.