இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

ஐயா, அல்லது அம்மா,
நீங்கள் யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.
நான் யாரென்று உங்களுக்கும்.

பதினோரு பக்கக் கட்டுரைக்கு
நாற்பத்தாறு குறிப்புகள்.
முருகன்குறிச்சியில் பக்கம் இரண்டு ரூபாய்க்கு அச்செடுத்து
பஸ் ஸ்டாப்பில் நின்றே படித்தேன்.
மூன்று நாங்குநேரி வண்டிகளை விட்டேன்.

ஏழாவது குறிப்பு:
டேங்க் எதனால் ஆனது? பிளாஸ்டிக்கா, சிமெண்டா?
கொள்ளளவை லிட்டரில் தரவும்.

ஆலங்கண்டான் குளம்
மண்ணால் ஆனது.
நூற்றெண்பது ஏக்கர்.
கரைமேல் பனை, உள்ளே கருவேலம்,
பிசானத்துக்குத் திறக்க மூன்று மடை.
ஐப்பசி ஏமாற்றாவிட்டால்
கார்த்திகைக் கடைசியில் மறுகால் பாயும்.
டேங்க் என்று முதலில் எழுதியது உங்கள் ஆட்கள்தான்,
பாளையங்கோட்டையைப் பாலம்கோட்டா ஆக்கிய
அதே பேனாவால்.
வாங்கிய சொல்லைத்தான் திருப்பித் தந்தேன்.
இருந்தாலும் லிட்டரில் போட்டுப் பார்த்தேன்.
நாமக்கோழி முட்டையிட்டதுபோல்
வரிசையாகக் கிடந்தன சைபர்கள்.

பதின்மூன்று:
ஆற்றுக்கு முன் 'தி' போடு, ஊருக்கு முன் போடாதே.
தாமிரபரணிக்குத் தொப்பி உண்டு,
திருநெல்வேலி வெறுந்தலை.
சரி.
கூழைக்கடாவுக்கு?
முதல்முறை சொன்னால் 'எ',
மறுமுறை சொன்னால் 'தி' என்கிறது இலக்கணம்.
ஒரே கருவேலத்தில் நாற்பது இருக்கையில்
எதை முதலில் சொன்னேன், எதை மறுபடி?
லாரி ட்யூபில் மிதந்து வலைபோடும்
சுடலைக்கண்ணுவைக் கேட்டேன்.
'எல்லாம் நம்ம பறவதாம் யக்கா,
மொதல்ல என்ன, பெறவு என்ன' என்றான்.
நன்றியுரையில் அவன் பெயர் இருக்கிறது.
தொப்பி போடவில்லை.

இருபத்தொன்று:
வாக்கியம் மிக நீளம். வினைச்சொல் எங்கே?
வரும்.
எங்கள் வாக்கியமும் குளம் மாதிரிதான்.
எங்கே, எப்போது, எத்தனை, யாரோடு,
எல்லாம் வந்து வந்து நிறையும்,
கடைசியில்தான் மடையைத் தூக்குவோம்.
உங்களுக்கு மடையைத் திறந்துவிட்டுப்
பிறகு தண்ணீருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.
அறுபத்திரண்டு வாக்கியங்களை வெட்டினேன்.
வெட்டியபின் நன்றாகத்தான் இருந்தது,
மறைப்பானேன்.
இரண்டு இடங்களில்
எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.

முப்பத்துநாலு:
'நான்' வேண்டாம். 'எண்ணப்பட்டன' என்று எழுதவும்.

எண்ணப்பட்டன.
இடுப்பளவு சேற்றில் எவளும் நிற்கவில்லை.
அட்டை கடித்த இடத்தில் எவளும் சுண்ணாம்பு தேய்க்கவில்லை.
பனியில் மங்கிய பைனாகுலரைத்
துப்பட்டா முனையால் எவளும் துடைக்கவில்லை.
பறவைகள் தாமாக வந்து
எண்ணப்பட்டுவிட்டுப் போயின.

எண்ணினேன் என்றாலே போதும் எனக்கு.
'நான்' என்று தனியாக வேண்டியதில்லை,
வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பேன்.
அந்த வாலைப் பிய்த்தால்
'ஏன்' என்று கேட்கும்.
ஆராய்ச்சிக்கு வேறென்ன வேண்டும்?

எடுத்துவிட்டேன், பதினேழு 'ஐ'க்களையும்.
தேடு என்று கணினியை மறுபடி ஏவினால்
ஒன்று மட்டும் அகப்பட்டது,
உங்களுக்கு அனுப்பாத முதல் தாளில்:
ஐ. ஆவுடையம்மாள்.
அது நானில்லை. அப்பா, இசக்கிமுத்து.
மேலப்பாளையம் சந்தையில் ஆட்டுத் தரகு.
துண்டுக்குள் விரல்பிடித்து விலைபேசுபவர்.
அங்கேயும் யாரும் எதுவும் சொல்வதில்லை,
விலை மட்டும் சொல்லப்பட்டுவிடும்.
உங்கள் மொழியில் அவர் நானாக நிற்கிறார்,
பெரிய எழுத்தில், பக்கத்தில் ஒரு புள்ளியோடு.
விட்டுவைத்தேன்.

திருத்திய படியை இன்றிரவு அனுப்புகிறேன்.
'டேங்க்' இருந்த இடமெல்லாம் இப்போது 'குளம்',
உங்கள் விதிப்படி சாய்வெழுத்தில்.
அதற்குமுன் 'தி' போடவா வேண்டாமா,
அதை மட்டும் எழுதுங்கள்.